எங்க லிமிட் இல்லை

விடியக்காலம் இரண்டரைக்கு
நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு
குண்டுமல்லி மொட்டெடுக்க இறங்குகிறவள் நான்.
எட்டரைக்குப் படுத்தாக வேண்டும்.

ஒன்பதுக்குத்தான் அங்கே மாப்பிள்ளை அழைப்பு.
முதலில் செண்டை.
அப்புறம் பெயர் தெரியாத ஓர் இடி,
கட்டில் காலுக்குள்ளிருந்தே கிளம்புவது போல.
கேஸ் ஏஜென்சி காலண்டர்
ஆணியில் ஆடும்.

பெர்னதேத்தின் மாந்தோப்பு அது.
தத்துப்பூச்சி தின்றது போக மிஞ்சியதை
கிலோ பதினொன்றுக்குக் கேட்டான் வியாபாரி.
மூன்று வருஷம் பார்த்தாள்.
நாலாம் வருஷம் தகரக் கொட்டகை போட்டாள்,
பச்சைப் பாய் விரித்தாள்,
மரத்துக்கு மரம் சீரியல் விளக்கு சுற்றினாள்.
ஒரு ராத்திரிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று
பால்காரர் சொன்னார்.
மல்லியில் அது எத்தனை ராத்திரி என்று
கணக்குப் போட்டுப் பாதியில் விட்டேன்.
நானாயிருந்தாலும் சுற்றியிருப்பேன் விளக்கு.

எங்களுக்கு நடுவே ஒரு வரப்பு.
அருகம்புல், இரண்டு பனங்கன்று, ஒரு நண்டு வளை.
அவள் பக்கம் புதுச்சேரி.
என் பக்கம் கடலூர் மாவட்டம்.
பெட்ரோல் விலை, பிராந்தி விலை, ரேஷன் அரிசி
எல்லாமே அந்த நண்டைத் தாண்டினால் மாறும்.

தூக்கணாம்பாக்கத்துக்குப் போன் போட்டேன்.
"கொட்டகை அந்தப் பக்கமாம்மா? அது எங்க லிமிட் இல்லை."
பாகூருக்குப் போட்டேன்.
"உங்க வீடு இந்தப் பக்கம் இல்லையா? அப்ப எங்க லிமிட் இல்லையே."
செண்டைச் சத்தத்தை மட்டும்
எந்த ஊர் என்று யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

கொம்யூன் பஞ்சாயத்தில் ஆட்சேபணை விசாரணை.
என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"தமிழ்நாடா?" என்றார் எழுத்தர்,
கப்பலேறி வந்தவளைக் கேட்பது போல.
நான் வந்தது சைக்கிளில்.
பக்கத்து நாற்காலியில் பெர்னதேத்.
அவள் ஃபைலில் தீயணைப்புச் சான்று,
சுகாதாரச் சான்று, வண்டி நிறுத்த இடம்,
கழிப்பறை எண்ணிக்கை.
வரைபடத்தை மேஜையில் விரித்தார்கள்.
வரப்போடு முடிந்திருந்தது உலகம்.
என் வீடு இருக்க வேண்டிய இடத்தில்
அலுவலக ரப்பர் ஸ்டாம்ப்.

ஒரு செவ்வாய்க்கிழமை மீட்டரோடு இருவர் வந்தார்கள்.
முகூர்த்தமில்லாத நாள்.
கொட்டகையில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.
முள் ஏறியது ஒரே தடவை,
எழுபத்தொன்று:
என் தண்ணீர் மோட்டார்.
அதை எழுதிக்கொண்டு போனார்கள்.

அனுமதி வந்துவிட்டது.
"இரவு பத்து மணி வரை மட்டும்" என்று நிபந்தனை.
யாருடைய பத்து மணி?
பத்து என்றால் எனக்கு
பாதித் தூக்கம் முடிந்திருக்க வேண்டிய நேரம்.
அவளும் ஒழுங்காகப் பத்துக்கு நிறுத்துகிறாள், அதைச் சொல்ல வேண்டும்.
நிறுத்திய பிறகுதான் கொடுமை.
நிசப்தம் காதுக்குள் இரைய
கண் விழித்துக் கிடக்கிறேன்
இரண்டரை வரைக்கும்.

வைகாசி இரண்டாவது முகூர்த்தம்.
மல்லிப் பாத்தியில் குனிந்திருந்தேன்.
வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வெளிச்சம்,
செல்போன் டார்ச்.
நைட்டிமேல் துண்டு, காலில் செருப்பில்லை.
பெங்களூரிலிருந்து வந்த ரோஜா
பெட்டியோடு வெந்துவிட்டதாம்.
ஆறு மணிக்குத் தாலி.
"கோசலை, ஒரு ஆறு கிலோ..."

கூடையைக் கீழே வைத்தேன்.
என் நெற்றி விளக்கு அவள் முகத்தில் விழ
கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.
சந்தையில் அன்றைக்கு எழுநூறு.

"ஆயிரத்து முந்நூறு."
"என்னடி இது?"
"அந்தப் பக்கம் விலை வேற."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
நானும்தான்.
வரப்பின் மேல் தராசு நேராக நிற்காமல்
இரண்டு தரம் சரிந்தது.
பேரமில்லாமல் எண்ணிக் கொடுத்தாள்,
எச்சில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக.

மேல்முறையீட்டுக்கு இன்னும்
பத்தொன்பது நாள் இருக்கிறது.
வக்கீல் ஃபீஸில் முதல் தவணை
அது.