நாளுக்குப் புது நீளம்

சிகாகோவிலிருந்து புதுப் பேரேடு வந்தது.
பச்சை அட்டை. பசை வாசம் இன்னும் போகவில்லை.
பழையதில் ஒரு நாளுக்குப் பத்துக் கட்டம்,
இதில் எட்டு.
எட்டுக்கப்பால் சிவப்பாய் ஒரு கோடு.
கோட்டைத் தாண்டினால் தனிக் கூலி.

ஒரு நாளில் இரண்டு கட்டம் குறைக்க
நான்கு லட்சம் பேர் வேலையை நிறுத்துவோம் என்று
சொல்ல வேண்டியிருந்தது இந்தத் தேசத்தில்.
பிறகு இரண்டு அவைகள், ஒரு ஜனாதிபதி,
ஒன்பது நீதிபதிகளில் ஐவர்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் பெட்டியில் உட்கார்ந்து
கையெழுத்துப் போட்டாராம் அவர்.
ஓய்வு நாளில் போட்டது செல்லுமோ செல்லாதோ என்று
செவ்வாயன்று இன்னொரு முறை போட்டாராம்.
"அப்படியானால் முதல் ஓவர்டைம் அவருடையதுதான்"
என்றான் ஃபயர்மேன் கெரட்டி,
புகையிலையைக் கன்னம் மாற்றிக்கொண்டே.

ரயிலுக்குச் சட்டம் தெரியாது.
பிளாட் ஆற்றங்கரைப் பனியில்
பன்றி ஏற்றிய வண்டிக்கு வழிவிட்டு
பக்கத் தண்டவாளத்தில் நின்றது நின்றதுதான்.
எக்ஸ்ட்ரம் வழக்கம்போலப்
பன்னிரண்டு மணி கழித்தே இறங்கினான்,
மீசையில் ஐஸ் கோத்திருந்தது.
சம்பள நாளில் ஜன்னலருகே நின்று
இரண்டு முறை எண்ணினான்.
மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தி,
"திருமதி ஹாலக், அதிகமாய்க் கொடுத்துவிட்டீர்கள்."

இல்லை, எக்ஸ்ட்ரம். உன்னுடையதுதான்.

அவன் நம்பவில்லை.
தொப்பிக்குள் போட்டுக்கொண்டு போனான்,
திருடியவன் போல
முற்றத்தைச் சுற்றிக்கொண்டு.

என் வில்பர் செத்தது பதினான்காவது மணியில்,
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே,
கொளுத்திய லாந்தரைக் கையில் பிடித்தபடி
தூங்கிக்கொண்டே நடந்து.
அவனுடைய வரிசையை
வேலைக்குச் சேர்ந்த வாரமே தேடி எடுத்தேன்.
பத்துக் கட்டமும் நிரம்பியிருந்தன.
மிச்ச நான்குக்கு அந்தக் காலத்தில்
எங்கள் பாதையில் காகிதமே கிடையாது.
ஏட்டின்படி
சாகும்போது அவன் வீட்டில் இருந்தான்.

ஆகவே அந்தச் சிவப்புக் கோட்டை
நான் விரலால் தொட்டுப் பார்த்தேன் என்றால்
சிரிக்காதீர்கள்.

புதன்கிழமை இக்னாசியோ பரேரா வந்தான்,
மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு.
விடியுமுன்பே பாதைமாற்றிகளில்
பனியை வெட்டி அள்ளுகிறவன்.
ஒவ்வொரு சொல்லாய் வைத்துக் கேட்டான்:
"எட்டு. எனக்கும்?"

சுற்றறிக்கையை எடுத்தேன்.
தெரிந்த விடையை
இன்னொரு முறை வாசித்தேன்.
ரயிலை நகர்த்துகிறவர்களுக்கு மட்டும்.
ரயில் நகர வழி வெட்டுகிறவனுக்கு
ஒரு வரியும் இல்லை.

வானிலை சொன்னதுபோலத் தலையாட்டினான்.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
தன் பனிக்குத் திரும்பினான்.

பெட்டிகளைக் கழுவும் ஒடெஸா டிப்ஸ்
வாளியோடு அங்கேதான் நின்றிருந்தாள்.
எல்லாவற்றையும் கேட்டாள்,
எதையும் கேட்கவில்லை.
அதுதான் எனக்குப் போகப் போக உறுத்தியது,
காலணிக்குள் சிக்கிய கரித்துண்டு போல.

அன்று விளக்கை அணைக்கப் போகையில்
கடிகாரத்தைப் பார்த்தேன்.
எனக்குப் பதினோராவது மணி.
என் பெயருக்கு எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை.
அதை நான் அதுவரை
யோசித்தே பார்த்ததில்லை, விந்தைதான்.

பேரேட்டின் கடைசியில் நாலைந்து வெற்றுப் பக்கங்கள்,
கணக்காய்வாளர் புரட்டாதவை.
கோடு போட்டேன், அடிகோல் இல்லாமல்,
கொஞ்சம் கோணலாகவே.
பரேரா: பதின்மூன்று.
டிப்ஸ்: பன்னிரண்டரை.
ஹாலக்: பதினொன்று.
எட்டுக்கப்பால் ஒரு கோடு.

எல்லாம் பென்சிலில்.
அழிக்க வசதி என்பதற்காக அல்ல.
மை கம்பெனியுடையது.