வாடகைத் தாள்கள்

இருபத்தாறு பருவம் தார்த்து நகர இசைக்குழுவில் இருந்தேன்.
ஒரு சுரம் வாசித்ததில்லை.
என் வாத்தியம் அழிப்பான்.

வாடகைக்கு வந்த தாள்களைச் சுத்தமாகத்
திருப்பி அனுப்ப வேண்டும், ஹாம்பர்க்குக்கு.
கச்சேரி முடிந்த திங்கட்கிழமை
அடித்தள அறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில்,
எழுபது பேரின் பென்சிலைத் தேய்ப்பேன்.

"நிமிர்ந்து பார்" என்பதற்கு எல்லோரும்
மூக்குக்கண்ணாடி வரைவார்கள்.
வரையத் தெரியாத வியோலாக்காரர் ஒருவர்
இரண்டு முட்டை போட்டு நடுவில் கோடு இழுப்பார்.
டிராம்போன்களுக்கு நூற்றுப்பன்னிரண்டு தாளக்கட்டு மௌனம்.
அந்த ஓரத்தில் சதுரங்கம் நடக்கும்,
டிம்பனி லெம்பித்தும் அதில் கூட்டு.
"ராணி போச்சு" என்பதைப்
படித்துவிட்டுத்தான் அழித்தேன்.
"மீன் வாங்கணும்."
"ஹீட்டர் வேலை செய்யலை, விரல் செத்துப்போச்சு."
வெளியூர் நடத்துநர்களைப் பற்றி எழுதியதை
இங்கே சொல்ல மாட்டேன்.

செல்லோ, மூன்றாம் ஸ்டாண்ட். எண்டெல், ஹெல்யு.
மணவிலக்குத் தீர்ப்பு ஒரு மார்ச்சில்.
ஒப்பந்தம் ஸ்டாண்டைப் பிரிக்கவில்லை.
பதினான்கு ஆண்டு ஒரே தாள்,
ஒரு வார்த்தை பேச்சில்லை.
உள்பக்கம் உட்காருபவர்தான் பக்கம் திருப்ப வேண்டும். அது அவர்.
"சீக்கிரம் திருப்பு." சாய்ந்த எழுத்து, அவளுடையது.
"திருப்பினேன்."
"தாமதம்."
"உன் முழங்கை."
ஒருமுறை, மெதுவான பகுதி தொடங்கும் இடத்தில்,
அதே சாய்ந்த எழுத்தில்:
"உன் அம்மாவுக்கு எப்படி இருக்கு?"
கீழே: "பரவாயில்லை."

சண்டை லேசில் அழியாது, அழுத்தி எழுதியிருப்பார்கள்.
"பரவாயில்லை" ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

எண்டெல் இறந்தது ஒத்திகை இல்லாத ஒரு நாளில்.
அடுத்த கச்சேரிக்கு உள்பக்க நாற்காலியை
எடுத்துவிட்டார்கள், புது ஆள் தேர்வாகவில்லை.
அந்தத் திங்கள், மூன்றாம் ஸ்டாண்ட் தாளில்
ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் ஒரே சொல்.
எங்கள் மொழியில் மூன்றே எழுத்து: இசே.
தானே. தானாக. நீயே செய்.

ஏழு பக்கம்.
அழிப்பானை வைத்துவிட்டுத் தேநீர் போட்டேன்.
பிறகு கட்டி, அஞ்சல்தலை ஒட்டி, அனுப்பிவிட்டேன்.

அபராதச் சீட்டு வந்தது. அடியில், கையெழுத்தில், ஒரு கேள்வி:
"இது நடத்துநர் சொன்ன குறிப்பா? வேகத்தைப் பற்றியதா?
எங்கள் இசை அகராதியில் இல்லையே."
பணம் கட்டினேன்.
பதில் எழுதவில்லை.

அவர்கள் அழித்திருக்கலாம்.
அழிக்காமலும் விட்டிருக்கலாம்.
எந்த ஊரிலோ ஒரு செல்லோக்காரர்
அந்த மூலைக்கு வந்து, புரியாமல்,
ஏதோ கட்டளை போலிருக்கிறது என்று
வில்லைச் சற்றே தூக்குகிறாரோ என்னவோ.