தன்மைப் பன்மை

கான்ஸ்தான்சாக்காரியின் பதினேழாவது கவிதையில்
புருஷன் செத்த ராத்திரி
பிணத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு முக்காலி போட்டு
ஆறிப்போன சோளக்களியைச்
சட்டியோடு மடியில் வைத்துக்கொள்கிறாள்.
கரண்டி இல்லை. கைதான்.

பதினாறு வரை சிரமம் இல்லை.
கண்ணாடியைத் துணியால் மூடியதை எழுதினேன்.
அவன் சட்டைப்பையில் இருந்த டிராம் டிக்கெட்டை எழுதினேன்,
அது அவர்கள் வீட்டுப் பக்கமே வராத டிராம் என்பதையும்.
இடுப்புக்குக் கீழே அவனைக் கழுவும்போது
அவளுக்கு வந்த சிரிப்பை
இரண்டு நாள் யோசித்து, சிரிப்பு என்றே எழுதினேன்.
சாவை அவள் அப்படித்தான் அழைத்துவருகிறாள்,
வாசல் வழியாக அல்ல,
குளியலறை வழியாக.

பதினேழில் நின்றுவிட்டேன்.

சென்னையில் இந்த மொழி தெரிந்தவர்
எத்தனை பேர்?
துறைமுகத்துக்கு எப்போதாவது கப்பல் வந்தால் நாலு பேர்.
அவர்கள் தமிழ்க் கவிதை வாங்கப்போவதில்லை.
தின்றுகொண்டிருந்தேன் என்பதில்
முன்பாதியை வெட்டினால் போதும்,
ராயபுரத்துக் காகத்துக்குக்கூடத் தெரியாது.
வெட்டினேன்.
பிணத்தருகே, சட்டியருகே,
விடியும்வரை இருந்தேன்.
படிக்க நன்றாகத்தான் இருந்தது.
பதிப்பாளர் இளவழுதி போனில்,
'அந்த மௌனம் இருக்கே அக்கா' என்றார்.

தனிஸ்லாஸ்,
எண்ணூர் சாலை கன்டெய்னர் லாரிக்குப் பிறகு
உன்னை ஸ்டான்லி சவக்கிடங்கில் வைத்திருந்தார்கள்.
திங்கட்கிழமை. டாக்டர் பதினோரு மணிக்கு வருவார்,
அப்புறம், ஒரு மணிக்கு வருவார்.
உன் ஆதார் ஜெராக்ஸ் மூன்று காப்பி கேட்டார்கள்.
நான் போகிறேன் என்றேன்.
உன் தம்பி தடுத்தான், கேட்கவில்லை.

ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி.
வெங்காய போண்டா. இரண்டு.
நின்றபடியே, சட்னி கேட்டு வாங்கி.
உன் மூன்று முகங்களும் என் கக்கத்தில் இருந்தன.
இன்னொண்ணு வேணுமாம்மா என்றான்.
வேணும் என்றேன்.

வாய் கொப்பளித்து
முந்தானையால் துடைத்து
அழுவதற்குத் திரும்பி வந்தேன்.
மூன்று காப்பியிலும் ஓரமாய் எண்ணெய்க் கறை.
போலீஸ்காரர் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் ஸ்டேப்ளர் அடித்தார்.
உன் அக்கா என் தலையைத் தடவி
'ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி படல இவ வாயில' என்றாள்
வந்த எல்லோரிடமும்.
பதினோரு வருஷமாக உங்கள் வீட்டில்
அந்தப் பெயரோடுதான் இருக்கிறேன்.

புரூஃப் நேற்று வந்தது.
மூலத்தில் அந்தச் சொல் 'மின்காம்'.
நீ கப்பல் பட்டறையில் இருந்த இரண்டு வருஷமும்
நான் ரொட்டிக்கடை வரிசையில் நின்று கற்ற மொழி.
தின்றுகொண்டிருந்தேன் என்றாலும் மின்காம்,
தின்றுகொண்டிருந்தோம் என்றாலும் மின்காம்.
ஒருத்தியா, இரண்டு பேரா,
அவள் சொல்லவே வேண்டாம். கொடுத்துவைத்தவள்.

தமிழில் ஒளிய இடமில்லை.
'தோம்' என்று முடித்தால்
உடனே கேட்கிறது, நாங்களா, நாமா?
நாங்கள் என்றால்
கேட்கிறவன் வெளியே நிற்கிறான், செருப்போடு.
நாம் என்றால் உள்ளே,
அதே சட்டியில் அவன் கையும்.
கவிதை முழுக்க அவள் அவனிடம்தானே பேசுகிறாள்.

சிவப்பு மையில் 'இருந்தேன்' மேல் ஒரு கோடு.
ஓரத்தில் எழுதியிருப்பதை
இளவழுதி என் கைப்பிழை என்று நினைக்கலாம்.
'பொணத்தோட எப்படிக்கா நாம்?'
மூலத்தில் அப்படித்தான் என்பேன்.
பாதி உண்மை.

மணி இரண்டரை.
மாதாகோயில் தெருவில் தண்ணி லாரி
பின்னால் வரும் ஒலி.
பசிக்கிறது.
நேற்றைய வஞ்சிரக் குழம்பு இருக்கிறது,
சூடு பண்ணவில்லை.