வலது கன்னம்

மூன்றாம் லேன் சாவடியில் உட்காருகிறவளுக்கு
சாயங்கால வெயில் வலது பக்கமாக வரும்.
நான்கு வருஷம் வந்தது.
இடது கன்னம் வீட்டோடு இருக்கிற தங்கச்சி,
வலது கன்னம் வேலைக்குப் போய்வருகிற அக்கா,
நடுவில் மூக்கு,
யார் பக்கமும் பேசாமல்.

எதிர்ச்சாரிக்கு மாற்றித் தாங்க சார் என்று
சூப்பர்வைசர் தளவாயிடம் மூன்று மாதம் நடந்து
மாறினேன்.
அங்கே காலை வெயில்.
அதுவும் வலது பக்கமே வந்தது.
டிரைவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜன்னல்,
ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெயில்.
நாங்குநேரியில் அது தன் ஆளைத்
தெரிந்து வைத்திருக்கிறது.

பாளையங்கோட்டைக் கடைப் பையன் கேட்டான்,
‘வெள்ளையாகணுமாக்கா?’
வேண்டாம்ப்பா,
ரெண்டும் ஒரே ஆளு கன்னமா இருந்தாப் போதும்.
அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தான்.
கொரியாக்காரிக்குப் பத்துப் படிக்கா, என்றான்.

பத்துப் படி என்றதும் எனக்கு அரிசிதான் தோன்றியது.
என் சம்பளத்துக்கு
மூன்று படிதான் கட்டுபடி.
கழுவ ஒன்று, ஈரம் நிறுத்த ஒன்று,
வெயிலுக்குக் குறுக்கே நிற்க ஒன்று.

ஒரு நாளைக்கு ஆயிரம் நம்பர் பிளேட் வாசிக்கிற கண்ணுக்கு
அந்த டியூபின் எழுத்து பிடிபடவில்லை.
வட்டம், கோடு,
வட்டத்தின் தலையில் ஒரு தொப்பி.

முதலில் காதுக்குப் பின்னால்
பாசிப்பயறளவு வைத்து ஒரு நாள் பொறுக்கணுமாம்.
அன்றைக்கு முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
ஐந்தாம் லேன் ஞானபுஷ்பம்,
‘ஏட்டி, காதுல என்ன கடிச்சிட்டு?’
கடிக்கவில்லை.
கடிக்காததற்குத்தான் காத்திருந்தேன்.

முதல் படிக்கு முன்னால் ஒரு படி உண்டு,
அதைக் கொரியாவில் யாருக்கும் தெரியாது.
எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு.
நுரை வராது, திரியும்.
ஆற்றுத் தண்ணீர் குழாயில் ஐந்து நாளைக்கொரு தடவை.
எனவே முகத்துக்கென்று
ஒரு குடம் தாமிரபரணியை
கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.
மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக் குடம்.
மிச்சத்தில் இவர் பைக் துடைத்திருக்கிறார்.
‘ஒன் மொகத்தக் கழுவ பொதிகையிலருந்து
ஆறு எறங்கி வரணுமோ?’
ஆமா, என்றேன்.
வண்டிக்கு வரும்போது வரலாமே.

நத்தை எச்சிலில் ஒரு கிரீம் இருக்கிறதாம்.
ஐப்பசி மழையில்
குளியலறைச் சுவரில் ஏறுகிறதை நின்று பார்த்தேன்.
போன வழியெல்லாம் மினுக்கம்.
அதற்கு ஷிப்ட் இல்லை.

வெயில் கிரீம் இரண்டு விரல் நீளம்,
இரண்டு மணிக்கொரு தடவை.
சாவடிக்குள் அது எப்படி நடக்கும்?
ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே
ஏழு நொடி.
நெற்றியில் பாதி பூசும்போது லாரி வந்துவிடும்.
மீதி நெற்றி அடுத்த லாரிக்கு.

டேக் வேலை செய்தால்
எவனும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
கட்டை தூக்கும், போய்விடுவான்.
பேலன்ஸ் இல்லாதவன் மட்டும்தான் பார்க்கிறான்,
அதுவும் கோபமாக.
பிறகு யாருக்குட்டி இதெல்லாம், என்றாள் ஞானபுஷ்பம்.
பதில் சொல்வதற்குள்
நாகர்கோவில் பஸ் வந்துவிட்டது.

ஏழு வாரம் ஆயிற்று.
அக்காவும் தங்கச்சியும் இன்னும் பேசவில்லை.
ஆனால் அக்காவுக்கு எரிச்சல் குறைந்திருக்கிறது.

நேற்று பூசி முடித்து
ரசீது நீட்டும்போதுதான் கவனித்தேன்,
கன்னத்தைவிடக் கறுத்திருந்தது
ஜன்னலுக்கு வெளியே போய்வந்த கை.
ஒரு படியிலும் அதன் பேர் இல்லை.
விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை
மணிக்கட்டிலிருந்து மேலே இழுத்துத் தேய்த்தேன்.

அது குடித்த குடியை
நீங்கள் பார்த்திருக்கணும்.