முப்பத்திரண்டு அடுக்கு

பாடாங் செராயில் மழை வந்தால்
முதலில் செம்பனைக்குத் தெரியும்,
பிறகு தொழிற்சாலை வேனின் ஒழுகும் கூரைக்கு.
எங்கள் அறைக்குத் தெரியவே தெரியாது.
அங்கே எந்நேரமும் இருபத்தொரு டிகிரி;
ஈரக்காற்று உள்ளே வர
அனுமதிச் சீட்டு வேண்டும்.

பிசின் ஊறிய கார்பன் துணி
மைனஸ் பதினெட்டில் தூங்கும்.
எழுப்பினால் கணக்குத் தொடங்கும்:
வெளியே எழுநூற்று இருபது மணி நேரம்.
அதற்குள் வெட்டி, அடுக்கி, அச்சில் அழுத்தி
அழுத்த உலைக்குள் அனுப்பியாக வேண்டும்.
ரோலில் தொங்கும் அட்டையில்
ஒவ்வொரு மணிக்கும் கையெழுத்து.
என் மகனின் தடுப்பூசி அட்டையைக்கூட
நான் இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்ததில்லை.

பூஜ்யம். நாற்பத்தைந்து.
தொண்ணூறு. மறு நாற்பத்தைந்து.
இழை ஓடும் திசைகளை இப்படித்தான் கூப்பிடுவோம்.
நீளவாக்கில் இழுத்தால் எஃகு தோற்கும்;
குறுக்கே பிளந்தால் வெறும் விறகு.
அதனால் திசை மாற்றி, திசை மாற்றி
முப்பத்திரண்டு தடவை.
எந்த விமானத்துக்கு என்று சொல்லமாட்டார்கள்.
இறக்கையில் காற்றைத் திருப்பும் மடல், அவ்வளவுதான்.

பூசத்துக்கு ஒன்பது நாள் முன்
காப்புக் கட்டியிருந்தேன்,
மகனின் இடது காதுக்காக.
மோதிரம், வளையல், தலைமுடி, எதற்கும் இடமில்லாத அறை.
மேற்பார்வையாளர் ஃபரிடா கயிற்றைப் பார்த்தாள்.
"எங்க நோன்பு மாதிரிதானே" என்று
கையுறையை மணிக்கட்டு வரை இழுத்து
அவளே டேப் சுற்றிவிட்டாள்.

நான்கு பத்துக்குக் கடைசி அடுக்கு.
டேப்பைக் கிழித்தேன்.
மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

கையுறையை உள்வெளியாகத் திருப்பினேன்.
தரையில் மண்டியிட்டேன்.
குப்பைப் பையைக் கவிழ்த்தேன்.
கறுப்பின் மேல் மஞ்சள்,
விழுந்திருந்தால் பார்த்திருப்பேன் என்றது மனசு.
பார்க்காமலும் இருந்திருப்பாய் என்றது
அதே மனசு.
கேமரா பார்த்திருந்தாலும்
குனிந்த என் முதுகைத்தான் பார்த்திருக்கும்.

நான்கு முப்பத்தைந்துக்கு
ஃபரிடாவிடம் சொன்னேன்.
அந்த இருபத்தைந்து நிமிடத்தை
எந்த அட்டையிலும் எழுதவில்லை.

பொறியாளர் கொக் வாய்
ஈரத் தலையோடு வந்தார்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
ஒட்டிய அடுக்கைப் பிரித்தால் இழை கலையும்,
அதனால் அப்படியே உலையில் வைத்தார்கள்.
வெந்து வந்ததை
மீயொலி முழுக்கத் தடவிப் பார்த்தது.
திரை நெடுக நீலம். ஒரு பொட்டுக் குறையில்லை.
ஆனால் பருத்திக் கயிறு அவ்வளவு மெல்லியது,
கருவிக்கும் தப்பலாம்.
கையெழுத்துப் போட யாருமில்லை.
நாற்பத்தோராயிரம் வெள்ளி என்று
யாரோ யாரிடமோ சொல்வது கேட்டது.
மறுநாளே சுவரில் புதிய விதி,
மூன்று மொழிகளில்.
தமிழில் மட்டும் ஒரு எழுத்துப்பிழை.

கோயிலில் பண்டாரம்
ஒரு கேள்வி கேட்காமல் வேறு கயிறு கட்டினார்.
அங்கே அது நடக்கும்.

பூசம் முடிந்த ஞாயிறு
துவைத்த துணியை மடிக்கும்போது
உள்சட்டைக் கையின் தையல் மடிப்பில்
வெளுத்துப்போய்க் கிடந்தது காப்பு.

ஃபரிடாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் மட்டும் அது பறக்குமா?
மகனின் காதுக்கருவி பேட்டரி டப்பாவுக்குள்
போட்டு மூடினேன்.

அந்தப் பலகை இப்போது பயிற்சி அறையில் இருக்கிறது.
புதிதாக வருபவர்கள்
இருபது சென் காசால் தட்டிப் பார்க்க வேண்டும்:
நல்ல இடம் 'டிங்' என்னும்,
உள்ளே பிரிந்த இடம் 'டொக்' என்னும்.
கயிறு எங்கே, கண்டுபிடி.
கண்டுபிடித்தவர்கள் வெள்ளைப் பென்சிலால்
வட்டம் போடுகிறார்கள்.
இதுவரை பதினாறு வட்டம்,
பதினாறும் வேறு வேறு இடத்தில்.

நேற்று லூனாஸிலிருந்து வந்த கோமகன்
பதினேழாவதைப் போட்டான்.
"அக்கா, இங்க சத்தம் மாறுது. கேக்குதா?"
மறுபடி தட்டினான்.

குனிந்து காதை வைத்தேன்.
மாறுவது போலத்தான் இருந்தது.