நோம்பிக்குத் தீனி

நாலு நாளாய்ச் சாயப்பட்டறை எதுவும் ஓடவில்லை.
வரத்துக் குழாய் காய்ந்து கிடக்கிறது.
மங்கலம் சாலைப் பக்கம் சரவெடி.
நான் தொட்டிமேட்டில், வெல்லப்பாகு வாளியோடு.

இதுகளுக்கு லீவு தெரியாது.
கண்ணுக்கு எட்டாத வாய்கள், கோடிகோடியாய்.
காற்றில்லாத இருட்டில்
சாயத்தின் இரட்டைப் பிணைப்பைக் கடித்து அறுக்கும்;
மிச்சத்தை, காற்று ஊதும் அடுத்த தொட்டியில்
வேறொரு கூட்டம் தின்று முடிக்கும்.

சாயம் வராவிட்டால் பட்டினி.
பட்டினி நீண்டால்
தன் உடம்பையே தின்று இளைத்துப்போகும்.
அப்புறம் திங்கட்கிழமை வரும் சிவப்பு
சிவப்பாகவே சவ்வில் போய் முட்டும்.

அங்கப்பன் சார் போனில் கேட்கிறார்:
"பாகு எத்தனை கிலோ கண்ணு?"
"முப்பதுங்க."
"யூரியா?"
"போட்டாச்சுங்க."
"நீ சாப்பிட்டயா?"
"இனிமேத்தானுங்க."

நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்தேன்.
ரோட்டிஃபர் ஒன்று
வாய்மயிரைச் சுழற்றிக்கொண்டு குறுக்கே போனது.
அது போனால் தொட்டிக்கு உயிர் இருக்கிறது.
போன வருஷம் இதே நாளில் ஒன்றும் போகவில்லை.

உப்பை மட்டும் இதுகள் தொடாது.
அது பின்கொட்டகையில்
மூட்டைமேல் மூட்டையாய்,
வாங்க ஆளில்லாத வெள்ளை.

விடியக்காலை என் புதுச் சுடிதாரை அலசினேன்.
அரக்குச் சிவப்பு;
பக்கெட் முழுக்கச் சாயம் இறங்கிவிட்டது.
சாக்கடையில் கொட்டப் போனவள் நின்றேன்.
ரெண்டு லிட்டர் கேனில் பிடித்து
வண்டியில் மாட்டிக் கொண்டுவந்தேன்.

பாகுக்கு மேலே அதையும் ஊற்றுகிறேன்.
தின்னுங்க.
நோம்பிப் பலகாரம்.