கீழ்வரிசை, இடப்பக்கம்

பல்லுக்குள் ஒரு லோரி நிற்கிறது,
என்ஜினை அணைக்காமல்.

ஆலையின் நிறுவைமேடைச் சன்னலில் உட்கார்ந்து
வருவதையெல்லாம் எடை போடுகிறவள் நான்.
குலையோடு வந்த எடை,
வெறுமனே திரும்பும் எடை,
கழித்தால் செம்பனை.
"காக் மங்களா, ஒரு பக்கம் மட்டும் சதை போட்டிருச்சே"
என்றான் மொக்லேஸ், மலாயும் தமிழும் பிசைந்து.
வேறு நாளாக இருந்தால்
அவன் லோரியின் பிரேக்கில் ஆரம்பித்து
மாமனார் வீடு வரைக்கும் போய் வந்திருப்பேன்.
சீட்டை மட்டும் நீட்டினேன்.
பயந்துவிட்டான் பாவம்.

டாக்டர் நூர் ஹஃபிசா சின்னப் பெண்.
கடைவாயில் லேசாகத் தட்டினாள்.
நான் கூரையைத் தொட்டுவிட்டு வந்ததும்
மன்னிப்புக் கேட்டாள்.
சீழ் கட்டின இடத்தில் மரப்பூசி சரியாகப் பிடிக்காதாம்.
முதலில் மாத்திரை, எட்டு மணிக்கு ஒன்று, ஏழு நாள்.
பிடுங்குவது வியாழக்கிழமை, பதினேழு.
அன்றைக்குத் திங்கள், ஏழு.
கழுத்துக்கு வீக்கம் இறங்கினால்,
எச்சில் விழுங்க முடியாமல் போனால்,
நாள் பார்க்காதே, பெரியாஸ்பத்திரிக்கு ஓடு என்றாள்.

அதனால் ராத்திரியில் கண்ணாடி முன் நின்று
வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு இழுத்தேன்.
நீலக் கோடு.
காலையில் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்,
மேடையில் சக்கரம் பார்ப்பது போல.

இரண்டு மணி மாத்திரைக்கு எழுந்தால்
ஆலையும் தூங்கவில்லை.
கொதிகலன் ஆவி விடும்,
என் தாடையும் விடும்.
கழிவுக்குளத்து நாற்றம் சன்னல் வழியாக வந்து
பக்கத்தில் உட்காரும்.
இருபத்தாறு வருசம் அதைத் திட்டியிருக்கிறேன்.
அன்றைக்கு, இரு, போகாதே என்றிருந்தது.

கிராம்புத் தைலம் நாக்கைச் சுட்டது, பல்லை விட்டுவிட்டது.
கஞ்சி. மறுபடி கஞ்சி.

சனிக்கிழமை தம்பி குணாளன் வந்தான்.
சரோஜினி பின்னால், நண்டுக் குழம்போடு.
நண்டு!
மேசையில் தாளை விரித்தான்.
அப்பா வாங்கிப்போட்ட தாமான் வீடு,
ஆறு வருசமாக நான் வாயாலேயே பூட்டி வைத்திருந்தது.
ஓடு ஒழுகுது, கரையான் ஏறிருச்சு,
வாங்க ஆள் இருக்குக்கா, நல்ல விலை,
பாதி உனக்கு.
தாடை ஒரு விரல் அளவுதான் திறந்தது.
உள்ளேயிருந்து லோரி உறுமியது.
தலையை இடப்பக்கம் சாய்த்து
உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன்.
"அக்கா தலையாட்டிருச்சு" என்றாள் சரோஜினி.
"மௌனம் சம்மதம்" என்றான் அவன்,
சிரித்தபோது அப்பாவின் பல்வரிசை.
கிள்ளான் சித்தப்பாவுக்கு அன்றிரவே செய்தி போய்விட்டது.
வாழ்த்து வந்தது எனக்கு,
பூச்செண்டுப் படத்தோடு.

ஆறாம் நாள் நீலக் கோட்டுக்கு உள்ளே
இன்னொரு கோடு போட முடிந்தது.
எட்டாம் நாள் இரண்டு விரல் திறந்தது வாய்.
ஒன்பதாம் நாள் ரொட்டி தின்றேன்,
சாம்பாரில் நனைத்து, வலப்பக்கமாக,
அழுகை வந்துவிட்டது.

வலி போயே போய்விட்டது.
இனி எதற்குப் பிடுங்குவானேன் என்று
கேட்கவும் செய்தது மனசு.
லீவு மிச்சம், பல்லும் மிச்சம்.
மருந்துக்கு அடங்கினதை ஆறினதென்று நினைத்துவிடாதே,
வேர் செத்துப்போனது, திரும்ப வரும் என்று
அந்தச் சின்னப் பெண் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.
என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்தாளோ.

நாளை வியாழன்.
பையில் ஐசி, சந்திப்பு அட்டை, ஒரு வெள்ளி, கைத்துண்டு.
ஊசி போட்டால் மாலை வரை
உதடு என்னுடையதாக இருக்காது.
அதனால் நிறுவைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம்
பெரிய எழுத்தில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன்:
வீட்டை விற்கச் சம்மதமில்லை.
அன்றைக்குத் தலை சாய்ந்தது வலியில்.
நண்டுச் சட்டி கழுவி வைத்திருக்கிறது,
வந்து எடுத்துக்கொள்.

கிளினிக்குக்குப் போகும் பஸ்
அவன் டயர் கடை வாசலில்தான் நிற்கும்.